அன்னங்கள் அணியும் ஸ்கின் கலர்

பாலே நடனத்தின் உடைகள் எப்படி மாறி வந்தன, அவை உலக ஃபேஷனை எப்படி மாற்றின என்பதை நான் வருடா வருடம் கல்லூரியில் பாடமாக நடத்துகிறேன். நான் பாலே பார்த்தது கிடையாது. அது எனக்கு ஓர் இடைஞ்சலாக இருந்ததும் கிடையாது. எங்கள் துறையில் குளத்தில் கால் நனைக்கவே பயப்படுகிற ஒருவர் நீச்சலுடை வடிவமைப்பை நடத்துகிறார். குளிர்கால உடைகளும் என் பொறுப்புதான். திருச்சியில் குளிர்காலம் என்றால் ஃபேனை நான்கிலிருந்து மூன்றுக்குக் குறைப்பது என்று பொருள்.

பாடத்தில் சொல்வது இதுதான். முதலில் ராஜாக்களின் சபையில் ஆடினார்கள். ஆடினார்கள் என்பது உபசாரத்துக்குச் சொல்வது. அவ்வளவு கனமான பட்டையும் ஜரிகையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். பிறகு ஒருத்தி, தன் பாத வேலை யார் கண்ணுக்கும் தெரியவில்லையே என்று பாவாடையைக் கணுக்கால் வரை உயர்த்தித் தைத்துக்கொண்டாள். ஊரே பற்றி எரிந்தது. கணுக்காலைப் பார்த்துக் கெட்டுப்போன நாகரிகங்களின் பட்டியலில் நாம் மட்டும் இல்லை என்று இந்த இடத்தில் மாணவிகளிடம் சொல்வேன். ஒருத்தியும் சிரிக்க மாட்டாள். குறிப்பு எடுத்துக்கொள்வார்கள்.

அதன் பின் மேகம் போன்ற வெள்ளை மஸ்லின் பாவாடைகள் வந்தன. மேடையில் கேஸ் விளக்குகள். பாவாடை விளக்கில் பட்டு ஆடுகிறவர்கள் எரிந்தே போனார்கள். தீப்பிடிக்காமல் இருக்கத் துணியை நனைத்தெடுக்க ஒரு மருந்தும் கண்டுபிடித்தார்கள். அதில் நனைத்தால் வெள்ளை மங்கி, துணி விறைத்துவிடும் என்று ஆடுகிறவர்களே வேண்டாம் என்றார்கள். "ஏன் மேம் இவ்ளோ முட்டாளா இருந்தாங்க?" என்று ஒரு மாணவி தவறாமல் கேட்பாள். இண்டர்னலுக்கு வருமா என்று இன்னொருத்தி கேட்பாள். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

திருச்சியில் பாலே எங்கே இருக்கிறது என்று கேட்கிறவர்களை நான் மன்னார்புரம் பக்கம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போவேன். ரிசப்ஷனில் மணப்பெண்ணின் லெஹங்காவுக்குள் இரும்பு வலை மாதிரி நிற்கிறதே கேன்-கேன், அது அந்த மேடையிலிருந்து இறங்கி வந்த நெட்டுத் துணிதான். முதல் பிறந்தநாள் குழந்தைக்குப் போட்டு, அது தொடையெல்லாம் அரித்து அழ அழ, "போட்டோவப் பாருடா செல்லம்" என்று கையைத் தட்டுகிறார்களே, அந்த கவுனும் அதன் பேத்திதான். பெரிய கடை வீதியில் 'பெல்லி' என்று கேட்டால் எடுத்துத் தருகிற தட்டைச் செருப்பு, பாலே ஆடுகிறவர்கள் பயிற்சியில் போட்ட செருப்பின் வாரிசு. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் போட்டிருக்கிற லெக்கிங்ஸைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பாலே மட்டும்தான் ஊருக்கு வராமல் இருந்தது. மற்றதெல்லாம் வந்து வாடகைக்கு வீடு பிடித்து ரேஷன் கார்டும் வாங்கிவிட்டது.

அந்தக் குறையும் இரண்டு வருடங்களுக்கு முன் தீர்ந்தது. என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அவள் பள்ளியின் தாளாளர் அம்மாவுக்கு யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். ஆண்டு விழாவில் கரகம், கோலாட்டம், பாரத மாதா எல்லாம் எல்லாப் பள்ளியிலும் வந்துவிட்டது, இந்த முறை பாலே என்று அம்மையார் அறிவித்தார். அன்னப்பறவைகளின் நடனமாம். அன்ன நடை நடக்கப்போய்த் தன் நடையும் கெட்ட கதையை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆங்கில மீடியம்.

நடனம் சொல்லித்தர வந்த மாஸ்டர் தில்லை நகரில் உடல் இளைக்கும் வகுப்பு நடத்துகிறவர். அவரும் பாலேவை போனில்தான் கற்றார். இந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் சமம் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை இருந்தது. ஆனால் மனிதருக்குக் கண் சரியாக வேலை செய்தது. ஸ்ரீரங்கத்தில் சில காலம் பரதம் கற்று அரைமண்டியில் தொடை இறுகிப்போயிருந்த என் மகளை நிறுத்தி, கால்விரல் நுனியில் ஏறச் சொல்லி, சுற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மற்ற குழந்தைகள் தள்ளாடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தபோது இவள் மட்டும் நின்றிருக்கிறாள். "நீ முன்னால, நடுவுல" என்று சொல்லிவிட்டார்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் என் மகளின் கலை வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். எல்.கே.ஜி.யில் அவள் மரம். அடுத்த வருடம் மலை. அதன் பின் தொடர்ந்து மேகம். வானவில்லைப் பற்றிய பாட்டில் ஏழு நிறத்துக்கும் ஏழு குழந்தைகளை எடுத்துவிட்டு, இவளுக்குச் சாம்பல் நிறத் துணி சுற்றிப் பின்னால் நிறுத்தினார்கள். காரணத்தை யாரும் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம். என் மகள் நல்ல கறுப்பு. அவள் அப்பா கறுப்பு, நான் கறுப்பு, எங்கள் இரண்டு வீட்டிலும் பிறந்தவர்கள் எல்லோரும் கறுப்பு. மாநிறம் என்று கல்யாணத் தரகர் எழுதிக்கொண்டது இலக்கியத்தில் சேரும். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம். ஆனாலும் மேடை என்று வந்தால் முக்கால்வாசிப் பேருக்குப் பின்வரிசை.

அதனால் அவள் வீட்டுக்குள் நுழைந்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பையைக்கூடக் கழற்றவில்லை. "நடுவுலம்மா" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் நேராக நடக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விரலில் ஏறுவாள். பல் தேய்க்கும்போது ஏறுவாள். கீழ் ஃப்ளாட்டுக்காரர் ஒருநாள் வந்து, "மாவு ஆட்டறீங்களா, இல்ல வேற ஏதாவதா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். தொட்டியத்தில் வங்கி வேலை பார்க்கிற என் கணவர் மாலையில் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்கியதும், அவரை சோபாவில் உட்கார வைத்து முழு நடனத்தையும் ஆடிக் காட்டுவாள். அவர் தூங்கிக்கொண்டே கைதட்டுவதில் தேர்ச்சி பெற்றிருந்தார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாடகை உடைகள் வந்தன. வெள்ளை நெட்டுப் பாவாடை, இறகு ஒட்டிய தலைப்பட்டை. பாவாடை முழங்காலுக்கு மேலே நிற்கிறது, கை இல்லை, கழுத்து இறக்கம். பள்ளிக்கு ஒழுக்கம் முக்கியம். ஆகவே உள்ளே கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை, இடுப்பிலிருந்து பாதம் வரை ஸ்கின் கலர் இன்னர் போட வேண்டும் என்று முடிவானது. தோல் தெரியக்கூடாது, ஆனால் தோல் தெரிவது போலத் தெரிய வேண்டும். பாலேயின் வரலாறு முழுவதும் இந்தக் குழப்பம்தான் என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

போட்டுப் பார்த்த அன்று மாலை, உடைகளுக்குப் பொறுப்பான டீச்சர் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா சூப்பரா ஆடறா. ஆனா இன்னர் போட்டா கை ஒரு கலரு, மொகம் ஒரு கலரா தெரியுது. நடுவுல நிக்கிறதுனால போட்டோல அதுதான் பளிச்சுனு அடிக்குது. அதனால பின்னால நிக்கட்டும்னு தாளாளர் மேடம் சொல்றாங்க."

"இன்னர்தானே சரியில்ல. இன்னரை மாத்துங்க" என்றேன்.

"ஸ்கின் கலர் ஒண்ணுதான் மேடம் வருது. உங்க வருத்தம் புரியுது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு சொல்லுவாங்க இல்ல."

அவர் இதை ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வைய வேண்டும் என்று வைதிருந்தால் நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தேன், என் மகள் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இரண்டு பாதமும் தரையில் பதிய நின்றிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். போய் வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் சொல்லாமல் அந்தப் பெண் வீட்டுப்பாடம் செய்து நான் பார்த்ததே இல்லை.

இத்தனை வருடம் பாடம் நடத்தியதற்கு ஏதாவது பயன் வேண்டும் அல்லவா? பாலேக்காரர்கள் காலுறைக்கும் செருப்புக்கும் அந்த ரோஸ் நிறத்தை ஏன் வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அது அவர்கள் தோலின் நிறம். குளிர்தேசத்தில் வெயில் படாமல் இருந்த தோல். அது ஊர் ஊராகப் போய், எல்லா நாட்டுக் கடையிலும் 'தோல் நிறம்' என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டது. கறுப்பாக இருக்கிற பாலேக்காரிகள் பல காலம் தங்கள் செருப்பின்மேல் தங்கள் முகப் பவுடரையே அப்பிக்கொண்டு மேடையேறினார்கள். சிலர் காலுறையைத் தேயிலைத் தண்ணீரில் முக்கினார்கள். இதை ஒவ்வொரு வருடமும் ஒரே குரலில் படித்துக்காட்டிவிட்டு, வருகைப் பதிவு எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாதம் வைத்திருக்கிறேன்.

மறுநாள் சின்னக்கடை வீதிக்குப் போய் இன்னர் கேட்டேன். விற்பனையாளர் ஒரு கட்டை எடுத்துப் போட்டார். எல்லாம் உரித்த உருளைக்கிழங்கு நிறம்.

"இது யாரோட ஸ்கின்னுங்க?" என்று கேட்டேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "கம்பெனி ஸ்கின்னு மேடம்" என்றார்.

அவர்மேல் குற்றம் இல்லை. அவர் கையும் என் கையும் அந்தத் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் அந்தத் துணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருக்கு அது தோன்றவும் இல்லை. ஒரு செட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு தேயிலையில் முக்குவதாவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபில்டரில் இருந்த டிகாஷன் முழுவதையும் கவிழ்த்து, போதாமல் மறுபடியும் கள்ளிச்சொட்டாக இறக்கி, அண்டாவில் கொதிக்க வைத்து, கொஞ்சம் வினிகர் விட்டு, இன்னரை உள்ளே அமுக்கினேன். நைலான் கலந்த துணி, நிறத்தைச் சமர்த்தாகப் பிடித்தது. என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்குக் காபி?"

"முதல்ல உங்க பொண்ணுக்கு."

"அவ காபி குடிக்க மாட்டாளே" என்று சொல்லிவிட்டு அண்டாவுக்குள் மிதந்த இன்னரின் கையைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று அவர் தெருமுனைக் கடையில் காபி குடித்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் நடந்த மிகப் பெரிய தியாகம் அது.

மாடியில் காய வைத்து எடுத்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. மகளுக்குப் போட்டுவிட்டேன். கழுத்து எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. லேசான சிக்கரி வாசனை மட்டும் வந்தது. நான் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"எப்படிடி இருக்கு?"

"சரியா இருக்கும்மா" என்றாள். கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போனாள். சரியாக இருக்கிறது என்றால் சரியாக இருக்கிறது என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய், டீச்சர் முன்னால் மகளின் கையோடு வைத்துக் காட்டினேன். "மத்தவங்களுக்கு வேற கலரா இருக்குமே மேடம்" என்று இழுத்தார். "மத்தவங்க தோலும் வேற கலர்தானே" என்றேன். கூடவே மஸ்லின், கேஸ் விளக்கு, பவுடர் பூசிய செருப்பு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் புரிந்து ஒப்புக்கொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன். பெல் அடிக்கும் நேரம் ஆகிவிட்டது. "சரி மேடம், நீங்க எக்ஸ்பர்ட்டு" என்றார். நடுவிடம் மகளுக்கே என்று ஆனது. உறையூர் வழியாக வருகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏதோ ஒரு ராஜ்யத்தைப் பிடித்தவள் போல வீடு வந்தேன். மறுநாள் கல்லூரியில் வகுப்புக்கு வகுப்பு இந்தக் கதையைச் சொன்னேன். மாணவிகள் முதல்முறையாக நான் சொல்வதைக் குறிப்பு எடுக்காமல் கேட்டார்கள்.

ஆண்டு விழா மாலையில் நடந்தது. சிறப்பு விருந்தினர் பேச எழுந்ததும், இனி நேரம் இருக்கிறது என்று நான் பின்பக்கம், உடை மாற்றும் வகுப்பறைக்குப் போனேன். என் கணவர் கூட்டத்தில் ஓரமாக ஒரு நாற்காலி பிடித்து, படம் எடுக்க போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காபி கலரைப் பாத்துக்கோங்க, அதுதான் நம்ம பொண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

வகுப்பறையில் மேக்கப் போடுகிற அம்மாள் ஒரே டப்பாவிலிருந்து, ஒரே பஞ்சால், வரிசையாக எல்லாக் குழந்தைகள் முகத்திலும் அப்பிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பாவாடைகள், உருளைக்கிழங்குக் கைகள், ரோஸ் முகங்கள். என் மகளைத் தேடினேன். காணவில்லை. "அம்மா" என்று என் பக்கத்திலேயே குரல் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அவள் கம்பெனி ஸ்கின் போட்டிருந்தாள். பள்ளி கொடுத்த வாடகை செட். முகம், காது, கழுத்து எல்லாம் அதற்குத் தோதாக அப்பியிருந்தது. கண்கள் மட்டும் அவளுடையவை. நான் செய்த இன்னர் அவள் பைக்குள் மடித்தபடி இருந்தது.

"யாரு இதப் போட்டுவிட்டது?" என்று கேட்டேன். என் குரல் ஏறியதில் டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தாம்மா டீச்சர்ட்ட கேட்டேன். திட்டாதம்மா."

"ஏன்டி? அம்மா பண்ணது கலர் சரியில்லையா?"

"கலர் சரியாத்தாம்மா இருக்கு" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துவது போல என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது நான் தினமும் போட்டிருக்கறதுதானே."

எவ்வளவு பாடம் நடத்தியிருக்கிறேன். மஸ்லினைப் பற்றி, விளக்கைப் பற்றி, யாருடைய தோல் யாருடைய தோலுக்குப் பெயராக ஆனது என்பதைப் பற்றி. பதினொரு வயதுப் பெண்ணிடம் சொல்ல அதில் ஒரு வாக்கியமும் இல்லை. பாவாடையின் கொக்கி கழன்றிருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து அதை மாட்டிவிட்டேன். மைக்கில் அன்னங்களைக் கூப்பிட்டார்கள், ஓடிவிட்டாள்.

நான் மேடையின் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அங்கிருந்து முதுகுகள்தான் தெரிந்தன. ஆனாலும் அவள் எது என்று எனக்குத் தெரிந்தது. அன்னங்கள் சுற்றிச் சுற்றி இடம் மாறின. இரண்டு அன்னங்கள் மோதிக்கொண்டன, ஓர் அன்னத்தின் தலைப்பட்டை கண்ணுக்கு இறங்கி அது குருட்டுத்தனமாகக் கைவீசியது. இவள் மட்டும் பாட்டின் கடைசியில் விரல் நுனியில் ஏறி, கைகளை விரித்து, அசையாமல் நின்றாள். கூட்டம் கைதட்டியது. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை முழுதாக அனுபவிக்க முடியவில்லை என்று கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சோபாவில் அப்பாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வீடியோ போடுங்கப்பா." அவர் போட்டார். நான் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்து, அவள் முகத்தைத் துடைப்பதற்காகப் பக்கத்தில் நின்றேன்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. கை ஆடவில்லை. மேடை தெரிந்தது, அன்னங்கள் வந்தன, சுற்ற ஆரம்பித்ததும் அவர் ஒரு குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கி, பாட்டு முடியும் வரை அவளை விடாமல் பின்தொடர்ந்திருந்தார். அது எங்கள் பெண் இல்லை. அவள் வகுப்பில் படிக்கிற வேறொரு பெண். எங்கள் மகளின் முழங்கை ஓரிரு முறை திரையின் ஓரத்தில் வந்து போனது. கடைசியில் கைதட்டல் கேட்டபோதும் திரையில் நின்று மூச்சு வாங்கியது அந்தப் பெண்தான்.

"நான் எங்கப்பா?" என்று கேட்டாள் மகள்.

அவர் போனை வாங்கி உற்றுப் பார்த்தார். "அம்மா காபி கலருன்னு சொன்னா. அப்படி யாருமே வரல. எல்லாரும் இடம் மாறிக்கிட்டே இருந்தாங்க. சரி, மேக்கப் போட்டிருக்காங்க, இதுதான் நீன்னு…" என்று திணறினார். எனக்கு அந்த மனிதரை என்ன செய்தால் தகும் என்று தோன்றியது. ஐந்து வருடம் மேகமாக நின்ற பெண், ஒரே ஒருநாள் நடுவில் நின்றிருக்கிறாள், அதை அவள் அப்பாவே பார்க்கவில்லை. அவள் அழப்போகிறாள் என்று பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவளை அணைக்கக் குனிந்தேன்.

அவள் அழவில்லை.

"உங்களுக்கே என்னை அடையாளம் தெரியலையாப்பா?" என்றாள். அந்த ரோஸ் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நெஜமாவே தெரியலையா?"

"தெரியலடா கண்ணு" என்றார் அவர், பாவம், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவள் சிரித்துக்கொண்டே அவர் தோளில் சாய்ந்து, இன்னொரு முறை போடச் சொன்னாள். அந்த வேறொரு பெண் ஆடுவதை முழுவதும் பார்த்தாள். எண்ணெய் தொட்ட பஞ்சை எடுத்து அவள் கன்னத்தருகே கொண்டுபோனேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றாள்.